விண்மீன் கொத்துக்களும் உலகின் பயனும்

உலகம் உயிர்களின் பொருட்டுத் தோற்றுவிக்கப்பட்டது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று முதல்வனால் உதவப்படுவன என்றும், அங்ஙனம் உதவுதல் உயிர்கள் வினைப்பயனை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்கு என்றும் நம் ஆசிரியர் கூறுவர். இத்துணிபின்மேல் இக்காலத்து வானநூல் பயின்றார் ஒரு தடையை நிகழ்த்துகின்றனர். அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆதலின் அதனை முழுதும் கேட்டு, அதன் வலியையும் மெலிவையும் நடுநின்று ஆராய்தல் நம் கடனாம்.

தடை வருமாறு: வானத்திற் கோளக் கொத்து எனப்படும் விண்மீன் கூட்டங்கள் உள. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் முதல் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட மீன்கள் திரண்டு உருண்டை வடிவாய் நிற்கின்றன. அவற்றின் அகவையோ ஆயிரங்கோடி ஆண்டுகட்கு மேற்பட்டது. ஆண்டு உடல் தாங்கி வாழ்தற்குரிய நிலம் உண்டென்பதற்குச் சான்று அரிது. மக்கள் தோன்றியது அவற்றை நோக்க நேற்றேயாம். ஆயின் இத்துணைக் காலமாக இத்துணை ஒளி யார் பொருட்டு எரிந்தது? உலகம் உயிர்க்காக என்பது, குடிசையில் இருப்பானொருவன் கோநகர் முழுதும் தன் குடிசைக்கு நிழல் தருதற்கே கட்டப்பட்டது என்று கூறுவதனை ஒவ்வாதோ? இதுவே தடை.

இத்தடைக்கு அஞ்சி நம்மவருட் சிலர் வேறொரு வழியிற் செல்கின்றனர். வானநூலார் இன்று கண்டன அனைத்தும் நம் நூல்களில் முன்னரே எண்ணோடு எழுதப்பட்டுள்ளன என்று அவையிற் கூறி, கைதட்டுப் பெறுகின்றனர். முன்னது உயிரின் பெருமையைக் குறைக்கின்றது. பின்னது நூலின் பெருமையைக் கூட்டுவது போலக் காட்டிக் குறைக்கின்றது. இவ்விரண்டும் வழுவென்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

முதற்கண் பொருளின் இயல்பு அறியற்பாலது. இக்கொத்துக்களுட் பெரியதொன்றைத் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்தே கண்ணாற் காணலாம். காவிரிக்கரை ஊர்களில் மின்விளக்கொளி மிகாத வெளியில் நின்று, வைகாசித் திங்கள் முன்னிரவில் தென்றிசை நோக்குக. சித்திரை மீன் வானின் உயரத்தில் நிற்கும். அதற்கு நேர் கீழே, வானவிளிம்பினின்று ஏறக்குறைய 32 பாகை உயரத்தில், பஞ்சுத் துணுக்குப் போல மங்கியதொரு புள்ளி தோன்றும். ஒமேகா சென்டாரி என மேல்நாட்டார் வழங்குவது அதுவே. தாலமி 2ஆம் நூற்றாண்டில் அதனை ஒரு மீனென்றே தம் பட்டியலில் வைத்தார். 1603இல் பேயர் என்பார் அதற்கு மீனுக்குரிய எழுத்தையே இட்டார். 1677இல் ஹாலி என்பார் செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து நோக்கி, அது தனி மீனன்று எனக் குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் அஃது ஒரு கோளக் கொத்தென்று தெளியப்பட்டது. ஏறக்குறைய ஒரு கோடி மீன்கள் அதன்கண் உள. அதன் ஒளி நம்மை அடைதற்கு 17,000 ஆண்டு செல்கின்றது.

நம் ஞாயிறு உறையும் பால்வழிப் பேரடையை இத்தகைய கொத்துக்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டன சூழ்ந்துள்ளன. அண்டையிலுள்ள ஆந்திரமீடாப் பேரடைக்கு நானூற்றுக்கு மேல் உண்டு. கன்னி இராசித் திசையிலுள்ள எம் 87 என்னும் பெரும்பேரடைக்குப் பன்னீராயிரம் அளவில் மதிப்பிடுவர். கொத்துக்கள் பேரடையைச் சார்ந்து அதனைச் சுற்றிவருவன. பேரடை அவற்றைத் தாங்கி நிற்பது. ஆதாரம் ஆதேயம் என்னும் முறை இவற்றிடை உண்டென்க.

இனி, இவ்வகவை எவ்வாறு அறியப்பட்டதெனின், கருதலளவையால் அறியப்பட்டது. மலைக்கோட்டையிற் கார்த்திகை விளக்கீட்டன்று ஒரே பொழுதில் ஏற்றப்பட்ட அகல்களை எண்ணுக. எல்லாவற்றிற்கும் எண்ணெய் ஒத்த அளவினதாயினும், பருத்த திரி இட்டது பேரொளி செய்து விரைவில் அவியும். மெல்லிய திரி இட்டது விடியுமளவும் நிற்கும். இடையில் வந்தானொருவன் இப்போது எத்திரி அவிகின்றது என்று நோக்கி, விளக்கேற்றிய பொழுதைக் கணித்தறிவான். விண்மீன்களிலும் பருத்தவை விரைவிலும் சிறியவை நெடுநாட் கழித்தும் முடிவெய்துவன. ஒரு கொத்தின் மீன்கள் ஏறக்குறைய ஒருங்கு பிறந்தனவாதலின், எப்பருமனுடையன இப்பொழுது முடிவை அணுகுகின்றன என்பதே அவற்றின் அகவையைக் காட்டும் ஏதுவாயிற்று.

இவ்வேதுவால் ஒரு காலத்திற் பெரிய முரண் விளைந்தது. 1990ஐ அடுத்த ஆண்டுகளிற் சில கொத்துக்களின் அகவை 1400 கோடி முதல் 1800 கோடி ஆண்டு வரை எனக் கணிக்கப்பட்டது. அதேபொழுது பேரடைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் விரைவை அளந்து, 1994இல் உலகின் அகவை 800 கோடி முதல் 1200 கோடி ஆண்டு என்றனர். பிள்ளை தாயினும் மூத்ததாயிற்று! காரணத்துக்கு முன் காரியம் நிகழாதென்பது சற்காரியவாதிகளாகிய நமக்கேயன்றி எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. ஆதலின் ஏதுவில் எங்கோ குற்றம் உண்டென்பது தெளிவு. அறிஞர் இரண்டனுள் ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிடாமல் இரண்டனையும் மீள அளந்தனர். 1997இல் வெளியான இப்பார்க்கசு என்னும் செயற்கைக்கோளின் அளவைகளால் கொத்துக்கள் முன் எண்ணியதினும் சேய்மையின எனப் புலப்பட்டது. சேய்மையினவாயின் இயல்பில் ஒளி மிக்கன. ஒளி மிக்கனவாயின் பருத்தன. பருத்தனவே இப்பொழுது அவிகின்றன எனின் விளக்கேற்றிய பொழுது அண்மையதாம். 1998இல், உலகின் விரிவு வரவர மிகுகின்றதென்பதும் காணப்பட்டு, அதன் அகவை முன்னையினும் நீண்டது. இன்று உலகின் அகவை 1380 கோடி ஆண்டென்றும், மூத்த கொத்துக்கள் அதனினும் சிறிது இளையன என்றும் கொள்வர்.

இவ்வரலாற்றை விரித்துக் கூறியது ஒரு பயன் நோக்கியே. 1994இல் ஒருவர் நம் ஆகமக் காலக்கணக்கை அன்றைய எண்ணொடு பொருத்தி, நூலுண்மை நிறுவப்பட்டது என முழங்கியிருப்பின், 1998இல் அவர் நூலை என் செய்வார்? எண் மாறியபொழுது நூலும் மாறவேண்டுமன்றோ? திருவண்டப்பகுதியில் அண்டங்களின் பன்மையும் பெருமையும் கூறப்பட்டமை உண்மை. ஆயின் அஃது இறைவனது பெருமை முன் அண்டங்கள் அணுவெனத் தோன்றுதலை உணர்த்த எழுந்ததேயன்றி, வானநூற் கணக்குக் கூற எழுந்ததன்று. அதனைப் பிற்காலத்து எண்ணொடு ஒட்டவைத்தல், அடிகளை வழிபடுதலாகாது. அவர்க்குத் துணைச்சான்று தேடுதலாய் முடியும். அன்றியும் இதனால் விளையும் கேடு பெரிது. பொருந்தாச் சான்றைக் கேட்டு நம்பிய மாணவன், பின்னர்க் கல்லூரியில் அது பொருந்தாதென்று அறிந்தால், அச்சான்றை மட்டும் விடான். அதனால் நிறுவப்பட்டதாகச் சொல்லப்பட்ட மெய்ப்பொருளையும் உடன் விடுவான். மெய்யைப் பொய்த்தூண் மேல் நிறுத்தியவர்க்கே அப்பழி சாரும்.

இனி முதற்கண் எழுந்த தடைக்கு வருவாம். கோளக் கொத்துக்களில் உடல் வாழ்தற்குரிய கோள்கள் அரியன என்பதற்கு அவர் கூறும் ஏது யாது? 1999இல் அபிள் தொலைநோக்கியால் 47 டுக்கானே என்னும் கொத்தில் 34,000 மீன்களை எட்டு நாளளவும் நோக்கினர். அம்மீன்களின் முன் குறுக்கிட்டுச் செல்லும் கோள் ஒன்றும் காணப்படவில்லை. முற்பிறந்த மீன்களில் இரும்பு முதலிய கனப்பொருள்கள் மிகக் குறைவு. அப்பொருள்கள் மீன்களின் அகட்டிற் சமைந்து, அவை சிதறியபின் வெளியிற் பரவுவன. ஆதலின் பழங்கொத்துக்களிற் பாறை நிலம் அமைதல் அரிதென்பது அவர் கருத்து.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. அந்நோக்கத்தால் மீனை மிக நெருங்கிச் சுற்றும் பெருங்கோள்களே காணத்தக்கன. சிறியனவும் சேய்மையினவும் புலப்படா. கேட்டை மீனுக்கு அருகே தோன்றும் எம் 4 என்னும் கொத்தில் ஒரு கோள் உண்டென 2003இல் உறுதிசெய்யப்பட்டது. ஆதலின் காணப்படாமை இன்மைக்கு ஏதுவாகாது. காணத்தக்கதாயிருந்தும் காணப்படாமையே இன்மையைத் தெரிவிக்கும் எனத் தருக்க நூலோர் கூறுவர். எனினும் இவ்விடையில் யாம் அமைதி கொள்ளோம். நாளை அக்கொத்துக்களிற் குடியிருப்பு இல்லையென்றே முடியினும் நம் துணிபு நிற்குமா என்பதே ஆராயற்பாலது.

நிற்கும் என்பேம். உயிர்கட்குப் பயன்படுதல் வேறு. உயிர்கட்கு உறைவிடமாதல் வேறு. அடுப்பில் ஒருவரும் குடியிரார். ஆயினும் அடுப்பு வீட்டார் பொருட்டே உளது. நம் குருதியிலுள்ள இரும்பு முன்னை ஊழிகளில் எரிந்து முடிந்த பெருமீன்களின் அகட்டிற் சமைந்ததென்பது இன்று தெளிந்த செய்தி. ஒருவரும் உறையாத அவ்வடுப்புக்கள் இல்லையேல் இவ்வுடம்பு இல்லை.

அற்றேல், 'இம்முறையால் எப்பொருளையும் உயிர்க்கென்று கூறிவிடலாமே. மறுக்கவே இயலாத கூற்று நிறுவப்பட்ட கூற்றாகுமோ?' எனின், இவ்வினா நேரியது. இதனை யாம் உடன்படுகின்றேம். ஒவ்வொரு பொருட்கும் ஒவ்வொரு பயனைத் தேடியடுக்கி உலகம் உயிர்க்கென்று நிறுவுதல் இயலாது. கொள்ளிடத்தில் மணல் ஒரு மேடாய்க் குவிந்தால், அம்மேடு இன்னார்க்கென்று குவிவு மாத்திரையான் அறியவொண்ணாது. கருதலளவையால் முடிவது இவ்வளவே: அறிவில்லாத பொருள் தனக்குத்தான் பயன்கொள்ளாது, ஒரு கோடி மீன் திரண்டும் அத்திரள் தன்னை அறியாது, தன் ஒளியைத் தான் காணாது. ஆதலின் பயன் என ஒன்று உளதாயின், அஃது அறிவுடைப் பொருட்கே உளதாதல் வேண்டும். அப்பயன் யாது, எவ்வுயிர்க்கு, எவ்வூழியில் என்பன உரையளவையாற் பெறப்படுவன. தொலைநோக்கி அதனைக் காட்டாது, மறுக்கவும் மாட்டாது. வானநூல் 'எவ்வாறு' என்பதைக் கூறும். 'யார் பொருட்டு' என்பது அதன் வினாவன்று. அதன் வாயில் அவ்வினாவையும் அதற்கு விடையையும் இருதிறத்தாரும் திணித்தலே இவ்வழக்கிற்கு மூலமாயிற்று.

இனி, உயிர்க்காக என்பதனை மக்கட்காக என்று பொருள்கொள்ளுதலே தடையாளர்க்கு இடந்தந்தது. உயிர்கள் எண்ணிலவென்று கூறும் நூல், அவற்றுள் ஒரு சிறு பகுதிக்கே அண்டம் முழுதும் என்று யாண்டுக் கூறிற்று? குடிசையான் உவமை நம் செருக்குக்குப் பொருந்துவதன்றி நம் சித்தாந்தத்துக்குப் பொருந்தாது. அச்செருக்கை இக்கொத்துக்களே ஒருமுறை நீக்கின. நம் ஞாயிறு பேரடையின் நடுவை அடுத்து உளதென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தும் பலர் எண்ணினர். 1918இல் சாப்லி என்பார் கோளக் கொத்துக்கள் வானமெங்கும் ஒப்பப் பரவாமல் தனுசு இராசித் திசையிற் பெரிதும் செறிந்திருத்தலைக் கண்டார். திருவரங்கத் தீவின் ஒரு கோடியில் நள்ளிரவில் நிற்பவன், விளக்குக்கள் ஒருபாலே செறிந்து தோன்றக் கண்டால், ஏழு மதில் சூழ்ந்த கோயிலும் ஊர்நடுவும் அப்பாலன, தான் நிற்பது ஓரமே என்று துணிவானன்றோ? அங்ஙனமே பேரடையின் நடு தனுசுத் திசையில் நெடுந்தொலைவில் உளதென்றும், நாம் ஓரத்தில் உளேம் என்றும் அவர் துணிந்தார். அவர் கூறிய தொலைவு மிகையாயினும் துணிபு நிலைத்தது. இன்று அத்தொலைவை ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு என்பர். நடுவில் யாமே உளேம் என்னும் எண்ணம் ஆணவத்தின் பழைய தொழில். அதனைக் களையும் அறிவு எந்நாட்டார் வாயினின்று வரினும் சைவர்க்கு உவப்பாதல் வேண்டும்.

மற்றொன்று. இக்கொத்துக்களுட் பல, தாம் இன்று சார்ந்துள்ள பேரடையிற் பிறந்தன அல்ல. பெரிய பேரடை சிறியவற்றை ஈர்த்து விழுங்குங்கால், அச்சிறியவற்றின் கொத்துக்களும் உடன்வந்து புதிய ஆதாரத்தைச் சுற்றுகின்றன. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுச் சிறுபேரடை இன்றும் அங்ஙனம் சிதைந்து கலந்து வருகின்றது. எம் 54 என்னும் கொத்து அதனொடு வந்தது. ஒமேகா சென்டாரியும் விழுங்கப்பட்ட ஒரு பேரடையின் நடுக்கருவே என்று பலர் கொள்வர். காவிரி மேல்நாட்டினின்று கொணர்ந்த மணலும் வண்டலும் திருவரங்கத் தீவாய் நிற்றலை இதற்கு உவமை கூறலாம். இக்கலப்பின் இயக்கத்தை விளக்கியவருள் ஒருவர் நம் நாட்டினர். 1888இல் திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்களின் தமையனார் மகனாகிய எஸ். சந்திரசேகர் அவர்கள், 1943இல் ஓர் உண்மையைக் கணித்துக் காட்டினார். கனத்த பொருளொன்று சிறுமீன்களினூடே செல்லுங்கால், தன் ஈர்ப்பால் அவற்றைத் தன் பின்னே திரட்டும். அங்ஙனம் திரண்டவை அதனைப் பின்னிழுக்கும். அதனால் அது வேகங்குன்றி நடுநோக்கி அமிழும். தான் திரட்டியதே தன்னைத் தடுக்கின்றது!

இதனைக் கேட்ட அளவில் வினையும் பாசமும் நினைவுக்கு வருதல் இயல்பே. உவமையாகக் கொள்க, ஏதுவாகக் கொள்ளற்க. கொத்து வேறொரு பேரடையைச் சார்ந்தும் தன் மீன்களோடு நிற்றல், உயிர் ஓருடம்பு விட்டு வேறுடம்பு எடுத்தும் நிற்றலை ஒக்கும் என்பாரும் உளர். ஒருபுடை ஒக்கும்; முற்றும் ஒவ்வாது. கொத்து இடம் மாறியதேயன்றி மாறியதை அறிந்ததில்லை. பழைய ஆதாரமும் புதிய ஆதாரமும் அதற்கு ஒன்றே. இரண்டனையும் வேறென அறிபவன் இரண்டற்கும் வேறாகிய உயிரே. சடத்தின் பெருமை அளவில் உளது. சித்தின் பெருமை அறிதலில் உளது. ஒன்றன் கோலால் மற்றொன்றை அளத்தல் ஒளியைப் படியால் முகத்தலாம்.

ஆயின் அறிவுடைமையால் உயிர் செருக்குதற்கும் இடமில்லை. 17,000 ஆண்டு வழிவந்த ஒளி கண்ணிற் படினன்றி அக்கொத்து உண்டென்பதையே உயிர் அறியாது. காட்டுவார் காட்டினன்றிக் காணாமை அதன் இயல்பு. சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் அது, தானே விளங்கும் முதலன்று.

'கோடி கோடி மீன்களுக்கு முதல்வனாயினான் ஓருயிரின் துன்பத்தை நோக்குவனோ?' என்பது எஞ்சிய ஐயம். கருவிகளாற் கூறுபட்ட அறிவினர்க்கே ஒன்றை நோக்குங்கால் மற்றொன்று மறையும். வியாபக அறிவுக்குப் பெரிது சிறிது என்னும் போட்டி இல்லை. திருச்சிராப்பள்ளியில் இறைவன் தாயுமானவன் என வழங்கப்படுதற்குக் காரணங்கூறும் தலவரலாறு, காவிரி வெள்ளத்தால் தாய் வரவியலாது தனித்திருந்த ஒரு கருப்பவதிக்கு அவனே தாயாகி வந்தான் என்பது. திருவானைக்காவில் வழிபட்டவற்றுள் ஒன்று யானை, மற்றொன்று சிலந்தி. சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்ததென்பது பெரியபுராணம். இவற்றை வானநூற்கு மாறாக நிறுத்தும் அளவையாக யாம் கூறவில்லை. பருமன் அன்புக்கு அளவன்று என்னும் கருத்தை நம் ஊரார் எந்நாளும் அறிந்திருந்தனர் என்பதற்கே கூறினேம்.

இத்துணையும் கூறியவாற்றால், கோளக் கொத்துக்களின் பன்மையும் பழமையும் உயிரைச் சிறுமைப்படுத்தா என்பதும், அவற்றைக் கொண்டு நூலுக்கு முட்டுக்கொடுத்தல் நூலைச் சிறுமைப்படுத்தும் என்பதும் பெறப்பட்டன. ஆதீனங்களிலும் பாடசாலைகளிலும் பயிலும் மாணவர்க்கு இவ்வானநூலை அதன் சொல்லிலேயே, கூட்டாதும் குறையாதும், கற்பித்தல் நலம். கற்றவர் தம் நூலின் துணிபை அதற்குரிய அளவையால் நாட்டுக. ஒமேகா சென்டாரியின் மீன்கள் இன்னும் பலகோடி ஆண்டு எரியும்; நம் அண்டை வீட்டானது பசியோ இன்றைக்கே தீர்க்கற்பாலது. அண்டத்தின் பெருமையை எண்ணி இப்பசியைச் சிறிதென்பான், அண்டத்தையும் அறிந்தானல்லன், உயிரையும் அறிந்தானல்லன்.